சகலனும் நாலாம் நிலையும்

கரம் பலகையில் விளையாடும்போது என் சகலன் இடக்கையால்தான் காயைச் சுண்டுவார். அவர் இடக்கைக்காரர் அல்ல. சோறு உண்பது, கையெழுத்துப் போடுவது, பிள்ளைகளின் தலையில் குட்டுவது எல்லாம் வலக்கையால்தான். கரம் பலகைக்கு முன்னால் வந்தால் மட்டும் வலக்கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். முதல் தடவை அவரோடு ஆடியபோது, புது மாப்பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்து உள்ளுக்குள் மகிழ்ந்தேன். அந்த இடக்கையாலேயே மூன்று ஆட்டம் என்னைத் தோற்கடித்த பிறகுதான், அது எனக்காகச் செய்ததல்ல என்று விளங்கியது. வலக்கையால் ஆடினால் லேசாக வென்றுவிடுவார், அது அவருக்கு அலுப்பு. அவ்வளவுதான் விசயம்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் புறப்படுவதில்லை. வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளைதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகவேண்டும். அப்படி வாகரையிலிருந்து அவரும், ஒன்பது வருஷம் கழித்துக் கிரானிலிருந்து நானும் செட்டிபாளையத்தில் ஒரே வளவுக்கு வந்து சேர்ந்தோம். அக்காவை அவர் முடித்தார், தங்கச்சியை நான் முடித்தேன். வளவின் இரண்டு ஓரத்திலும் மகள்மாரின் வீடுகள், நடுவில் மாமியின் சின்ன வீடு. நடுவில் இருந்தபடியே மாமி இரண்டு பக்கத்தையும் ஆண்டார்.

மாமியிடம் நான் பேசிய எல்லாவற்றையும் இரண்டு சொல்லில் அடக்கிவிடலாம். ‘ஓம் மாமி.’ மழைக்கு முன்னம் கூரையைப் பார்க்கவேண்டும் என்றால் ஓம் மாமி. பார்க்கத் தேவையில்லை என்றாலும் ஓம் மாமி. வந்த ஆறு வருஷத்தில் என்னோடு அவருக்கு ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை. சகலன் வேறு விதம். ஒருநாள் எல்லாரும் உண்டுகொண்டிருக்கும்போது, “மாமி, சொதியில உப்புக் கூடிட்டு” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த வளவில் அப்படி ஒரு வாக்கியம் அதுவரை பிறந்ததே இல்லை. மாமி ஒரு கிழமை அவர் சோற்றுக்கு அந்தத் தேங்காய்ப்பால் சொதியையே ஊற்றவில்லை. அவரோ ஏழு நாளும் தட்டை நீட்டி, “சொதி?” என்று சிரித்த முகத்தோடு கேட்டார். எட்டாம் நாள் சொதி வந்தது. உப்பு சரியாக இருந்தது. பலன் எனக்கும் கிடைத்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

அவர் கத்தாரில் வேலை செய்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து இரண்டு மாதம் நின்றுவிட்டுப் போவார். நான் சொல்ல வந்தது அவருடைய கடைசி லீவைப் பற்றி. ஒப்பந்தம் முடிந்து, புது விசா இழுபட்டு, ஐந்து மாதம் ஊரில் நின்றார். அந்தத் தடவை பெட்டிக்குள் சொக்லட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் துவாய் சுற்றி, டிவியில் மாட்டி விளையாடுகிற ஒரு கேம் பெட்டி கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளுக்கு என்று சொன்னார். பிள்ளைகள் நாலு நாள் விளையாடினார்கள். பிறகு அது நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரிடமும் முப்பத்தாறு வயது அரசாங்க உத்தியோகத்தரிடமும் நிரந்தரமாகச் சிக்கிக்கொண்டது.

ஒரு வாள்வீரன் அழிந்துபோன ஒரு நாட்டைக் கால்நடையாகக் கடக்கிற கேம் அது. தொடங்கும்போதே எவ்வளவு கஷ்டம் வேண்டும் என்று கேட்கும். நாலு நிலை. முதலாவது, கதையை மட்டும் அனுபவிக்க விரும்புகிறவர்களுக்காம். அவ்வளவு கேட்டதே எனக்குப் போதும், அந்தப் பொத்தானைத்தான் அமத்தினேன். அதற்கு ‘மாப்பிள்ளை விருந்து’ என்று பெயர் வைத்தவர் சகலன். அந்த நிலையில் எதிரிகள் சுற்றி நின்று, வாங்க, அடியுங்க, இன்னும் கொஞ்சம் அடியுங்க என்று உபசரிப்பார்களாம். இரண்டாவதுக்கு ‘வழமை’ என்றும் மூன்றாவதுக்கு ‘மாரி’ என்றும் பெயர் வைத்தார். நாலாவதன் பெயரைச் சொல்வதற்கு முன் எழும்பிப் போய் ஜன்னலால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“மாமி” என்றார், மெல்ல.

அவர் நாலில்தான் ஆடினார். இரண்டு அடி பட்டால் ஆள் முடிந்தது. ஒரு நாய் கடித்தாலே பாதி உயிர் போய்விடும். முதல் வாசலைத் தாண்டவே அவருக்கு மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளுக்குள் நான் என் விருந்தில் பாதி நாட்டைப் பிடித்துவிட்டேன். அடுத்த சனி ஞாயிறில் மிச்சத்தையும் முடித்துவிட்டு, கந்தோரில் பதவி உயர்வு கிடைத்தவன்போல விறாந்தையில் இருந்த அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

அவர் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பாலத்துக்குக் கீழே இருந்த கிழவியோடு பேசினாயா? எந்தப் பாலம் என்றேன். மழையில் தீப்பந்தம் அணைந்தபோது என்ன செய்தாய்? மழை பெய்ததே எனக்குத் தெரியாது. பச்சிலைகளை எதற்குப் பாவித்தாய்? என் பைக்குள் தொண்ணூறுக்கு மேல் பச்சிலை கிடந்தது. அது காயத்துக்குப் போடுகிற மருந்து என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். எனக்குத்தான் காயமே படவில்லையே. வாளைப் பிடித்துக்கொண்டு ஓடினேன், முன்னால் வந்ததெல்லாம் விழுந்தது, பாட்டுப் போட்டார்கள், பெயர்கள் ஓடின. ஒரு நாட்டையே வென்றிருந்தேன், அந்த நாட்டில் ஒரு மரம்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

“லேசில வெச்சி ஆடினா அது பஸ்ஸில போற ஊர் தம்பி” என்றார். “இறங்கி நடந்தாத்தான் நாய் எங்க நிக்கிது எண்டு தெரியும்.”

அவருக்கு ஒவ்வொரு நாயையும் தெரியும். எந்த மூலையில் காகம் எழும்பினால் எந்த வீட்டுக்குள் ஆள் ஒளிந்திருக்கிறான் என்று தெரியும். ஒரு பச்சிலைக்காக மலையைச் சுற்றிப் போய் வருவார். கிடைத்ததும், சந்தையில் நல்ல நண்டு கிடைத்தவர்போல என்னைத் திரும்பிப் பார்ப்பார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், நான் விளையாடிய என் கேமைவிட அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அவருடைய கேம்தான் எனக்குப் பிடித்திருந்தது. கந்தோர் முடிந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு நேரே அங்கேதான் போவேன். அடிகளை அவர் வாங்குவார், பயத்தை நான் வாங்கிக்கொள்வேன்.

மீனிலும் அவர் இப்படித்தான். மச்சாள் முள்ளில்லாத துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தால், அதை என் தட்டுக்குத் தள்ளிவிட்டு, முள் மண்டிய மீனாக எடுத்துக்கொள்வார். மச்சாள் என்று நான் சொல்வது அவருடைய மனைவியை, என் மனைவியின் அக்காவை. அதிகம் பேசாதவர். தள்ளப்பட்ட துண்டை நான் மறுத்ததாக ஒரு நாளும் ஞாபகம் இல்லை.

அந்தக் கேமின் கடைசியில் ஒரு கிழவன் இருந்தான். ஒரு கை இல்லாத அரசன். இடிந்த மாளிகைக்குள் தனியே உட்கார்ந்திருப்பான். அவனுக்கு ஆங்கிலத்தில் ஏதோ நீளமான பெயர். எங்களுக்குக் கிழவன். என்னுடைய விருந்தில் அவன் எப்போது செத்தான் என்றே நான் கவனிக்கவில்லை. சகலனுடைய நாலாம் நிலையில் அவன் அசைந்தாலே நான் கதிரையோடு பின்னால் நகர்ந்துவிடுவேன். பெரிய அடி ஒன்று அடிப்பதற்கு முன்னால் அவனுடைய இடத்தோள் சற்றே தாழும். கண்ணிமைக்கிற நேரம்தான். அதைக் கண்டுபிடிக்கவே சகலனுக்கு ஒரு கிழமை எடுத்தது. கண்டுபிடித்த அன்று மச்சாளை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு அந்தத் தோளைக் காட்டினார். மச்சாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பார்த்து, “ஓம், தாழுது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோற்றால் அவர் முதலில் கையில் இருக்கிற கொன்ட்ரோலரைத் தொடையில் தட்டுவார். பிறகு வயிறு குலுங்கச் சிரிப்பார். “எப்பிடி அடிச்சான் பாத்தியா” என்று கேட்கும்போது, சொந்தப் பிள்ளை சிக்ஸர் அடித்த பெருமை குரலில் இருக்கும். ஒருநாள் கிழவனின் உயிர் நூல் அளவுக்குக் குறைந்துவிட்டது. இன்னும் ஒரேயொரு வெட்டு. அந்த நேரம் பார்த்துக் கறண்ட் போய்விட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தேவிட்டது. அவர் இருட்டிய டிவியைப் பார்த்தபடி, “கறண்டும் அவன்ட ஆள்தான்” என்று சொல்லிச் சிரித்தார்.

ஆனி மாதம் விசா வந்தது. பத்து நாளில் பயணம் என்றார்கள். அன்றிலிருந்து அவர் தோற்றால் சிரிப்பதில்லை.

ஆட்டம் முடிந்ததும் கொன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். ஒருமுறை, “பிளேன் ஏற முதல் இவன விழுத்தோணும்” என்று தனக்குத்தானே சொன்னதுபோலச் சொன்னார். நான் அதைச் சாகப்போகிறவரின் கடைசி ஆசை அளவுக்கு எடுத்துக்கொண்டேன். எனக்கு யாராவது கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கஷ்டம் என்ற ஒன்று பக்கத்து வீட்டில் நடந்தாலும் எனக்கு அலுப்பாக இருக்கும்.

பயணத்துக்கு ஏழு நாள் இருக்கும்போது பௌர்ணமி விடுமுறையான போயா லீவு வந்தது. சகலன் சாமான் வாங்க மட்டக்களப்பு ரவுணுக்குப் போயிருந்தார். மச்சாள் பிள்ளைகளோடு கோயிலுக்கு. நான் டிவியைப் போட்டு, அவருடைய கேமைத் திறந்து, கஷ்டத்தை மாற்றுகிற இடத்தைத் தேடிப் பிடித்தேன். என் திட்டம் என் அறிவுக்கு மிகச் சிறப்பானதாகப் பட்டது. ஒரேயடியாக விருந்துக்கு இறக்கினால் அவருக்கு விளங்கிவிடும். ஆகவே இரண்டாவது நிலையான வழமைக்கு இறக்குவது. பின்னேரம் கிழவன் விழுவான். மறுநாள் ஆளில்லாத நேரமாகப் பார்த்துத் திரும்பவும் நாலுக்கு ஏற்றிவிடுவது. யாருக்கும் நட்டமில்லை.

மாற்றியபோது திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி எழும்பி ஏதோ கேட்டது. நான் ஓம் என்று அமத்தினேன். நான் எந்தப் பெட்டியையும் வாசிக்கிறவன் அல்ல. அப்படித்தான் என் போனில் தினமும் காலை ஆறு மணிக்கு யாரோ ஒரு சாத்திரி எனக்குக் கிரக பலன் சொல்கிறார். கந்தோரில் மட்டும், வருகிற சனத்திடம், படிவத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள் என்று பதினான்கு வருஷமாகச் சொல்லிவருகிறேன்.

பின்னேரம் எல்லாரும் கூடியிருந்தோம். சகலன் உட்கார்ந்து கொன்ட்ரோலரை எடுத்தார். கிழவன் எழும்பினான். தோள் தாழ்ந்தது. சகலன் விலகினார், வெட்டினார். திரும்பவும் தோள் தாழ்ந்தது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, நாற்பது நாளாக விழாத அந்தக் கிழவன் முழங்காலில் விழுந்து, வாளை ஊன்றி, அப்படியே சரிந்தான். நான் துள்ளிக் குதித்து அவரைக் கட்டிப்பிடித்தேன். பிள்ளைகள் கத்தினார்கள். மாமி வாசலில் வந்து நின்று, முடிந்ததென்றால் இனி நாடகத்தைப் போடலாமா என்று கேட்டார்.

சகலன் என் முகத்தைப் பார்த்தார். “ஓம், விழுந்திட்டான்” என்றார். கொன்ட்ரோலரைக் கட்டியிருந்த சாரத் தலைப்பால் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

மறுநாள் நான் நிலையைத் திரும்ப ஏற்றப் போனேன். நாலாவது சாம்பல் நிறமாகக் கிடந்தது. அமத்தினால் அது அசையாமல் நேற்றைய பெட்டியே எழும்பியது. இப்போது முதல் தடவையாக அந்தப் பெட்டியை வாசித்தேன். நாலாம் நிலையிலிருந்து ஒருமுறை இறங்கினால் அந்தப் பயணத்தில் மறுபடி ஏற முடியாது, நிச்சயமா என்றுதான் அது நேற்றுக் கேட்டிருக்கிறது. ஐந்து மாதம் அவர் கால்நடையாக நடந்த நடை. கிழவியும் மழையும் மலை சுற்றிப் போய் எடுத்த பச்சிலைகளும். எல்லாவற்றையும் நான் ஒரு ஓமில் ‘வழமை’ ஆக்கிவிட்டேன். உடனே செய்யவேண்டியதைச் செய்தேன். டிவியை நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பகல் சாப்பாட்டில் அவர் குண்டைப் போட்டார். தான் கத்தாருக்குப் போகவில்லையாம். திங்கட்கிழமை ஏஜென்சிக்காரரிடம் சொல்லிவிடப்போகிறாராம். படுவான்கரையில், வாவிக்கு அந்தப் பக்கம், மச்சாளுக்குச் சீதனமாக எழுதிய பூமி சும்மா கிடக்கிறதே, அதில் மாரிப் போகம் நெல் வேளாண்மை செய்யப்போகிறாராம்.

அந்தப் பூமியைப் பற்றிச் சொல்லவேண்டும். வயல் வட்டையின் கடைசி ஓரம், வாவிக் கரையை ஒட்டியது. கோடையில் கடலிலிருந்து வாவிக்குள் வருகிற உப்புத் தண்ணி ஏறி ஏறி மண் வெளுத்துப்போயிருக்கும். மாமாவே உயிரோடு இருந்த காலத்தில் கைகழுவிவிட்ட நிலம். மாமி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, உப்புப் பூமியில் என்னத்தை விளைவிக்கப்போகிறீர், மூன்று பிள்ளைகளுக்கும் எதைக் கொடுக்கப்போகிறீர் என்று தொடங்கினார். என் மனைவி அழுதாள். மச்சாள் மட்டும் கறிச்சட்டியை மூடிவைத்தார்.

“கிழவனையும் ஏலாது எண்டுதானே எல்லாரும் சொன்னீங்க மாமி” என்றார் சகலன். சொல்லும்போது அவர் பார்த்தது மாமியை அல்ல, என்னை.

அவர் வெல்லவில்லை. வென்றதாக நினைத்துக்கொண்டு, அந்தத் தைரியத்தில், விசாவைக் கிழித்துவிட்டு உப்பு மண்ணில் இறங்கப்போகிறார். ஐந்து உயிரின் சீவியம் நான் வாசிக்காத ஒரு பெட்டியின்மேல் நிற்கிறது. தட்டை அப்படியே தள்ளிவைத்துவிட்டு எழும்பிவிட்டேன். மாமி வீட்டில் நான் சோற்றை மிச்சம் விட்டது அதுதான் முதலும் கடைசியும்.

சொல்லிவிடவேண்டும் என்று முடிவெடுத்தேன். வெள்ளி பின்னேரம் சொல்லப் போனேன், அவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். கூரான அலவாங்குக்கு முன்னால் சொல்கிற விசயமா இது என்று திரும்பிவிட்டேன். சனிக்கிழமை காலை, பூமியைப் பார்க்கப் போகிறேன், வாறியா என்று அவரே கூப்பிட்டார். வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம். மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றி நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நடு வாவியில் வைத்துச் சொன்னேன். அங்கே வைத்துச் சொன்னதற்குக் காரணம் வீரம் அல்ல. நான் ஓட இடமில்லாத ஒரே இடம் அதுதான்.

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும், “தெரியும் தம்பி” என்றார்.

முதல் அடியிலேயே தெரிந்துவிட்டதாம். தோள் தாழ்ந்தது, தாழ்ந்தபடியே நின்றதாம். “அவன் என்னப் பாத்துக்கொண்டு நிண்டான். வந்து அடி எண்டு நிண்டான். நாப்பது நாளா என்னோட மல்லுக்கட்டின மனிசன், பாவம்.”

எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அப்படியானால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ எவ்வளவு சந்தோஷமாக் கட்டிப்பிடிச்சாய். நான் என்னெண்டு சொல்லுற?” என்றார். பிறகு, மாமிக்கு முன்னால் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். என் முகம் போகிற போக்கைப் பார்க்க ஆசையாக இருந்ததாம். அதைச் சொல்லும்போது பழைய சிரிப்பு வந்தது. பாதையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்படியானால் போகலாமே, இன்னும் நேரம் இருக்கிறதே, திங்கட்கிழமை சொல்லவேண்டாமே என்று நான் கெஞ்சினேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

“கத்தாருல எனக்கு என்ன வேலை தெரியுமா? பெரிய கட்டடம் ஒண்டு. கீழ லிப்டுக்குப் பக்கத்தில ஒரு கதிரை. பதினொரு வருஷமா நான் அந்தக் கதிரையில இரிக்கன். குளிர். சோறு வருது. ஒருத்தனும் என்ன அடிக்க வாறல்ல. இஞ்ச என்ட மூத்தவளுக்குப் பதினாலு வயசு. என்னோட மூண்டு சொல்லுத்தான் கதைப்பாள். ஓம், இல்ல, தெரியா. அவளுக்கு முன்னால போய் நிக்கப் பயத்திலதான் தம்பி நான் ஒவ்வொரு முறையும் பிளேன் ஏறுறன்.” கம்பியைத் தட்டினார். “கேமத் தூக்கி மாமியில வெச்சிட்டு, சீவியத்த மாப்பிள்ளை விருந்தில விட்டிட்டன். அண்டைக்குக் கிழவன் சும்மா விழக்குள்ளதான் விளங்கிச்சு. ஒண்டும் வரல்ல எனக்கு. ஒரு சந்தோஷமும் வரல்ல.”

பாதை கரை தட்டியது. நான் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னால் போனேன். ஓம் அண்ணன் என்று சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் அவர் செய்ததைப் பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள். வாவிப் பக்க வரம்பை இடுப்பளவுக்கு உயர்த்தினார். மழை பெய்யப் பெய்யத் தண்ணீரைக் கட்டி, உப்பைக் கழுவி, வடியவிட்டு, திரும்பவும் கட்டினார். மண்ணை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, இந்த மூலை இன்னும் கரிக்கிறது, அந்த மூலை பரவாயில்லை என்பார். குற்றவுணர்ச்சியில் சனி ஞாயிறுகளில் நானும் மண்வெட்டி பிடித்தேன். இரண்டாம் ஞாயிறே கையில் கொப்புளம். எனக்கு நிழல் விழுகிற பக்கமாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்தார். என்னுடைய நிலை எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒருநாள் வரம்பில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது முகமெல்லாம் வெளிச்சமாக ஒரு செய்தி சொன்னார். மூத்தவள் நேற்று அவரை ஏசிவிட்டாளாம். சேற்றுக் காலோடு அவள் படிக்கிற பாயில் மிதித்துவிட்டாராம். ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் ஏசினாளாம். அவள் சொன்னதை ஒன்று விடாமல் எனக்குத் திருப்பிச் சொன்னார், அவளைப்போலவே கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. கிழவனின் தோளைக் கண்டுபிடித்த அன்றுகூட அவரை நான் அவ்வளவு மகிழ்ச்சியாகப் பார்க்கவில்லை.

வேளாண்மை? சொல்லும்படியாக இல்லை. பாதி பதராகப் போனது. மாசியில் வெட்டி, பாதையில் ஏற்றி அவர் கொண்டுவந்த மூட்டைகளைப் பார்த்து மாமி, விருந்தாளி வந்தால் ஒரு நேரச் சோறு ஆக்கிப் போடத்தான் காணும் என்றார். சகலன் அதற்கும் சிரித்தார். எந்த மூலை என்ன விளைந்தது என்று எனக்கு மண்ணில் கோடு கீறிக் காட்டினார். அடுத்த மாரிக்கு என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அந்த மூட்டைகளைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அன்று பின்னேரம் மச்சாள் வாசலில் இருந்து நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தார். பதர் பறந்து காலடியில் குவிந்துகொண்டிருந்தது. நெல் கொஞ்சம்தான் மிஞ்சியது. இந்த மனிசிக்கு நான் செய்தது தெரியாது என்ற எண்ணம் என்னைத் தின்றது. போய்ப் பக்கத்தில் குந்தினேன். போயா லீவு, பெட்டி, நான் அமத்திய ஓம், பாதையில் அவர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். சுளகு நிற்கவில்லை. ஏசுவார் என்று காத்திருந்தேன்.

“அத மாத்தாம விட்டிருந்தா அவர் போயிருப்பாரா?” என்று கேட்டார்.

போயிருப்பார் மச்சாள் என்றேன். கடைசி நாள்வரை தோற்றுவிட்டு, அடுத்த லீவில் பார்ப்போம் என்று போயிருப்பார். சுளகு நின்றது.

“போகாதீங்க எண்டு ஒரு சொல்லு நான் சொல்லியிருந்தா முதல் வருஷமே நிண்டிருப்பார் தம்பி. எனக்குத் தெரியும். அதுதான் சொல்லல்ல. நான் சொல்லி நிக்கிறவர் எனக்கு வேணாம். அவருக்கே நிக்கோணும் எண்டு வருமட்டும் பாத்துக்கொண்டிருந்தன்.”

அந்த வளவுக்கு வந்த பிறகு அவர் வெளிநாடு போவதை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் மச்சாள்தான் பெட்டி கட்டினார். மிளகாய்த்தூளை இரண்டு பையில் போட்டு, ஒட்டி, துணிக்கு நடுவில் வைத்தார். வாசல்வரை வந்து சிரித்த முகத்தோடு கையசைத்தார். மூன்றாம் தடவை அதைப் பார்த்துவிட்டு நான் என் மனைவியிடம், உன் அக்காவுக்கு அவர் போவது ஒரு பொருட்டே இல்லைப் போல என்று சொன்னேன். அதை நினைத்ததும் எனக்கு மச்சாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு சொல்லில் முடிந்திருக்கக்கூடியதைப் பதினொரு வருஷம் சொல்லாமல் வைத்திருந்த மனிசி. நான் நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

“இத அவருக்குச் சொல்லிப்போடாதீங்க” என்றார் மச்சாள். சுளகு மறுபடி ஓடத் தொடங்கியது.

இப்போது நான் இடமாற்றத்தில் திருகோணமலையில் இருக்கிறேன். சகலனைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. போனில் பேசுவார். எந்த மூலையில் உப்பு இறங்கியிருக்கிறது, எந்த மூலை இன்னும் பிடிவாதமாக நிற்கிறது, மூத்தவள் என்ன சொல்லி ஏசினாள் என்று சொல்வார். ஒவ்வொரு முறையும் மச்சாள் சொல்லாமல் வைத்திருந்த அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வரும். அவருக்குக் கதை, கட்டுரை வாசிக்கிற பழக்கம் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. என் சீவியத்தில் நான் கஷ்டப்பட்டுச் செய்துவருகிற ஒரே காரியம் அதுதான்.